படிச்சுச் சொல்லு தம்பி

எங்கள் ஊரில் வக்கீல் கிடையாது. நான் பிறந்த நாளிலிருந்தே கிடையாது. பாகூர் கொம்யூனில் ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். நான் எழுதப்போகும் விஷயத்தில் சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

மெடிக்கல் ஷாப் இரண்டு வந்துவிட்டது. பல் டாக்டர்கூட வாரத்தில் மூன்று நாள் வந்து போகிறார். ஜெராக்ஸ் கடை இருக்கிறது, பத்திரம் எழுதித் தருகிறவர் இருக்கிறார், வீட்டுமனை புரோக்கர்கள் தெருவுக்கு ஒருவர். வக்கீல் மட்டும் இல்லை. சட்டம் படித்தவர்கள் ஊரில் பிறக்காமல் இல்லை. எனக்குத் தெரிந்து நான்கு பேர். ஒருவர் சென்னையில் பிராக்டிஸ் செய்கிறார், இன்னொருவர் பேங்க் ஆபீசர் ஆகிவிட்டார், மூன்றாமவர் கோட்டை மாட்டிவிட்டு மனை வியாபாரத்துக்குப் போய்விட்டார். நாலாவது என் தங்கையின் பேத்தி. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாகூர் என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்குச் செப்பேடுகள் நினைவுக்கு வரும். ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கே இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. கல்லூரிக்கு ஊரையே எழுதிவைத்த இடம். அப்படிப்பட்ட சீமையில் ஒரு பத்திரத்தைப் படித்து அர்த்தம் சொல்ல ஆள் தேடி 20 கிலோமீட்டர் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போக வேண்டியிருக்கிறது.

சரி, வக்கீல் இல்லாத ஊரில் அந்த வேலையை யார் செய்தார்கள்? என்னைப் போன்ற குமாஸ்தாக்கள்தான். காலையில் ஏழேகால் பஸ்ஸுக்கு நான் கிளம்புவதற்குள் திண்ணையில் இரண்டு பேராவது காத்திருப்பார்கள். ஒருவர் கையில் தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸ், இன்னொருவர் கையில் சொசைட்டி கடன் கடுதாசி. ஆபீசில் வேலை செய்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. எனக்குத் தெரிந்தது என் செக்ஷன் பைல்கள் மட்டுமே. ஆனால் எனக்கு ஒரு கூடுதல் சரக்கு இருந்தது. நான் ப்ரெவே வரை பிரெஞ்சில் படித்தவன். எங்கள் பக்கத்தில் பாட்டன் முப்பாட்டன் சொத்துப் பத்திரங்கள் பலவும் பிரெஞ்சில் இருக்கும். டிரங்குப் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்த அந்தக் காகிதங்கள் தடிமனாக, மங்கிய பழுப்பு மசியில் இருக்கும். வீட்டில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. நான் படித்து, கிழக்கே இன்னார் நிலம், வடக்கே வாய்க்கால் என்று சொல்வேன். சில பேருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். தாத்தா பெயரை ஒரு காகிதத்திலிருந்து இன்னொருவன் வாசிக்கக் கேட்பது அப்படித்தான்.

அந்தப் பத்திரங்களை எழுதியவர் நொத்தேர். இப்போதுள்ளவர்கள் நோட்டரி என்றதும் நீதிமன்ற வாசலில் மேஜை போட்டு முத்திரை குத்துகிறவரை நினைத்துக்கொள்வார்கள். பிரெஞ்சு நொத்தேர் வேறு. அவர் சட்டம் தெரிந்தவர், அரசாங்கம் நியமித்த ஆள். விற்கிறவர், வாங்குகிறவர் இருவருக்கும் பொதுவானவர். பத்திரத்தைத் தானே எழுதி, மூலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நகல் கொடுப்பார். கையெழுத்துக்கு முன் இரு தரப்புக்கும் அதை வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்துக் காட்டினேன் என்பதையும் அந்தப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். 1803-ஆம் வருஷத்துப் பிரெஞ்சுச் சட்டத்திலேயே அந்தக் கட்டாயம் இருக்கிறது. நான் படித்த பத்திரங்களின் கடைசி வரிகளில் அந்த வாசகம் இருக்கும். சின்ன வயதில் அதை ஒரு சடங்கு வாசகமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பிரெஞ்சுக்காரன் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. நொத்தேரும் நகரத்தில்தான் இருந்தார், கட்டணம் வாங்கினார். தமிழ் மட்டும் தெரிந்த குடியானவனுக்குப் பிரெஞ்சில் எழுதி, துபாஷி சொல்லக் கேட்டுக் கைநாட்டு வாங்கிய காலம் அது. துபாஷி என்ன சொன்னாரோ, யார் கண்டார்கள். ஆனாலும் கையெழுத்துக்கும் காகிதத்துக்கும் நடுவில், வாசித்துக் காட்டக் கடமைப்பட்ட ஒரு ஆள் இருந்தார். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. பிறகு ஒவ்வொன்றாக இந்தியச் சட்டங்கள் வந்தன. நொத்தேர் இருந்த இடத்தில் பத்திர எழுத்தரும் சார்பதிவாளரும் வந்தார்கள். எழுத்தர், எழுதச் சொல்லிப் பணம் கொடுப்பவருடைய ஆள். சார்பதிவாளர், "நீங்கதானா எழுதிக் குடுத்தது? பணம் வந்துச்சா?" என்று கேட்பார், ஆள் அடையாளம் பார்ப்பார், கைரேகை வாங்குவார். இது உனக்கு நல்லதா கெட்டதா என்று சொல்வது அவர் வேலை இல்லை. நடுவில் இருந்த நாற்காலி காலியாகிவிட்டது. அந்த நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன், சம்பளமில்லாமல், தகுதியும் இல்லாமல்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன்.

1996 செப்டம்பர். எங்கள் தெருக்கோடியில் ஒரு அக்கா. எனக்கு இரண்டு மூன்று வயது மூத்தவர். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் இறந்துபோய், பெண் குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டு அண்ணன் தம்பிகள். பெரியவன் என்னோடு கோலி ஆடியவன். அவர்கள் அப்பா இரண்டு வருஷம் முன்பு தவறியிருந்தார். அவர் உழைத்து வாங்கிய நிலம் மூன்று காணி. உயில் கியில் ஒன்றும் இல்லை, அம்மாவும் முன்பே போய்விட்டார். மூன்று பிள்ளைகள், மூன்று காணி. பெண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரியும்.

ராத்திரி எட்டு மணி இருக்கும், அக்கா வந்தார். முந்தானைக்குள் மடித்து எடுத்துவந்த ஸ்டாம்ப் பேப்பர்.

"தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. பட்டாவ அவங்க பேருக்கு மாத்துறதுக்கு என் சம்மதம் வேணுமாம். நாளைக்குப் பதியணும்னு சின்னவன் சொல்றான்."

படித்தேன். சம்மதக் கடிதம் இல்லை, விடுதலைப் பத்திரம். தன் மூன்றில் ஒரு பங்கை 15,000 ரூபாய் பெற்றுக்கொண்டு சகோதரர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன், இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ இதில் எந்தப் பாத்தியதையும் இல்லை. நாலு பக்கம். சர்வே எண், எல்லை எல்லாம் பிசகில்லாமல் இருந்தது.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அக்கா, இதில் கையெழுத்துப் போட்டால் உன் காணி போய்விடும். ஒரு வரிதான்.

நான் சொன்னது: "எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்குக்கா. எதுக்கும் ஒரு வக்கீல்கிட்ட காட்டிடு."

அவர் சிரித்தார். "வக்கீலுக்கு நான் எங்க போறது? கூடப் பொறந்தவங்க மேல கேசா போடப் போறேன்? நீ சரியா இருக்குன்னு சொன்னா போதும் தம்பி." பேப்பரை மடித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் கையெழுத்தானது.

ஏன் அப்படிச் சொன்னேன்? அரசு ஊழியர், நடத்தை விதி, பிறர் குடும்ப விவகாரம் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடத்தை விதிகளைத் தலைகீழாகப் படித்தவன் நான். பக்கத்து வீட்டு அக்காவிடம் உண்மையைச் சொல்லக் கூடாது என்று அதில் எந்த விதியும் இல்லை. உண்மைக் காரணம் வேறு. அந்த வருஷம் நான் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். பெரியவன்தான் செங்கல்லும் மணலும் கடனுக்கு இறக்கியிருந்தான். இரண்டு லோடுக்குப் பணம் பாக்கி. அவ்வளவுதான். இன்று நான் இந்தப் பதிவைத் தட்டிக்கொண்டிருக்கும் அறையின் சுவர்கூட அந்தச் செங்கல்தான்.

2003-ல் அக்கா மறுபடி வந்தார். கடலூர் சாலைப் பக்கம் மனை விலை ஏறத் தொடங்கியிருந்தது. அண்ணன் தம்பிகள் நிலத்தில் பாதியைப் பிளாட் போட்டு விற்றுவிட்டார்கள். தன் மகள் கல்யாணத்துக்கு அக்கா பங்கு கேட்டபோதுதான் பத்திரத்தைக் காட்டியிருக்கிறார்கள். "இதை மாத்த முடியுமா தம்பி?" என்று கேட்டார். நீ அன்றைக்குப் படித்தாயே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

லீவு போட்டு நானே புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். வக்கீல் நல்லவர், பீஸ் வாங்கவில்லை. பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தார். இந்த மாதிரி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்குக் காலக்கெடு மூன்று வருஷம், விஷயம் தெரியவந்த நாளிலிருந்து. பதிவான பத்திரம், தானே ஆபீசுக்குப் போய்க் கையெழுத்து, பணம் வாங்கிய ரசீது, ஏழு வருஷம், நிலம் மூன்றாம் ஆள் கைக்குப் போயாகிவிட்டது. "இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லிப் பார்க்கலாம். கையெழுத்துக்கு முன்னால் யாராவது படித்துக் காட்டினார்களா என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்" என்றார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கு போடவில்லை.

திரும்பும்போது நீதிமன்றச் சுவரில் ஒரு போர்டு. இலவச சட்ட உதவி பெறத் தகுதியானவர்கள் என்று பட்டியல். அதில் பெண்கள் என்று ஒரே சொல். ஏழைப் பெண்கள் இல்லை, விதவைகள் இல்லை. பெண்கள். அங்கேயே நின்று இரண்டு முறை படித்தேன்.

பிறகு சட்டத்தை வாங்கிப் படித்தேன். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-ல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. 12-ஆம் பிரிவு. வழக்கு போடவோ எதிர்க்கவோ வேண்டியிருந்தால் பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் வருமானம் பார்க்காமல் அரசு செலவில் வக்கீல். மற்றவர்களுக்கு ஒரு வருமான வரம்பு. அதைவிட முக்கியம், சட்ட சேவை என்றால் என்ன என்று அதே சட்டம் சொல்லும்போது, எந்தச் சட்ட விஷயத்திலும் ஆலோசனை கூறுவதையும் சேர்த்திருக்கிறது. அதாவது கேஸ் போடும் முன்பேயும். அக்கா என் வாசலில் நின்ற ராத்திரி அந்தச் சட்டத்துக்கு வயது பத்து மாதம். நான் அரசாங்க ஊழியன், எனக்குத் தெரியாது. என் ஆபீசில் யாருக்கும் தெரியாது. வக்கீலிடம் காட்டு என்று சொன்னேனே தவிர, எந்த வக்கீல், எங்கே, எவ்வளவு என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

கிராமத்தில் ஏன் வக்கீல் உட்காருவதில்லை என்று கேட்டால் காரணம் சுலபம். கோர்ட் நகரத்தில். புதிதாக வந்த பையன் ஒரு சீனியரின் ஆபீசில் பல வருஷம் பைல் தூக்கினால்தான் தொழில் பழகும். சீனியர் நகரத்தில். வருமானம் தரும் கேஸ்கள், விபத்து, பேங்க், கம்பெனி, எல்லாம் நகரத்தில். கிராமத்தில் கிடைக்கும் கேஸ் வரப்புத் தகராறு, அதற்கு பீஸ் தேங்காயும் அரை மூட்டை நெல்லுமாக வரும். எங்கள் பக்கத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. புதுச்சேரியும் தமிழ்நாடும் இங்கே முந்தியும் பிந்தியும் பின்னிக் கிடக்கின்றன. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். இரண்டு பக்கமும் நிலம் உள்ளவனுக்கு இரண்டு கோர்ட், இரண்டு வக்கீல்.

ஆனால் அக்கா சொன்னதுதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேசா போடப் போறேன்? வக்கீல் என்றால் சண்டை. வக்கீலைப் பார்க்கப் போனாள் என்று தெரிந்தாலே ஊரில் உறவு அறுந்துபோகும். சளிக்கு டாக்டரிடம் போனால் ஆபரேஷனா என்று யாரும் கேட்பதில்லை. பத்திரத்தைப் படிக்க வக்கீலிடம் போனால் மட்டும் கேஸா என்று கேட்கிறார்கள். ஊரில் ஒரு வக்கீல் நிரந்தரமாக இருந்து, அவர் திண்ணையில் சும்மா நாலு பேர் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்தப் பயம் கழன்றிருக்கும். இல்லாததால் பயம், பயத்தால் வருமானமில்லை, வருமானமில்லாததால் வக்கீல் இல்லை.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன், ஓய்வுபெற்றவனுக்கு வேறு வேலை? அமெரிக்காவில் தெற்கு டகோடா மாநிலத்தில் 2013-லிருந்து ஒரு திட்டம். சின்ன மாவட்டத்தில் போய் 5 வருஷம் தொழில் செய்ய ஒப்புக்கொண்டால் வருஷா வருஷம் பணம் தருகிறார்கள். மாநிலம், மாவட்டம், வக்கீல் சங்கம் மூன்றும் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. ஜப்பானில் வக்கீலே இல்லாத, அல்லது ஒரே ஒருவர் உள்ள பகுதிகளுக்கு ஜீரோ-ஒன் என்று பெயர் வைத்திருந்தார்கள். 2000-ல் தொடங்கி அங்குள்ள வக்கீல் சங்கக் கூட்டமைப்பே உறுப்பினர்களிடம் பணம் திரட்டி அப்படிப்பட்ட ஊர்களில் அலுவலகம் திறந்து இளம் வக்கீல்களை அனுப்பியது. சூரியகாந்தி அலுவலகம் என்று பெயர். வக்கீல் சங்கமே செய்தது என்பதை இரண்டு முறை படித்தேன்.

நம்மிடமும் ஏடு நிறையத் திட்டம் இருக்கிறது. கிராம நியாயாலயச் சட்டம் 2008, 2009 அக்டோபர் 2-ல் அமலுக்கு வந்தது. நீதிபதி ஜீப்பில் ஏறி ஊர் ஊராக வந்து வழக்கு கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. பல மாநிலங்கள் இன்னும் முழுதாக அமைக்கவில்லை. எங்கள் ஊருக்கு அந்த ஜீப் வந்து நான் பார்த்ததில்லை. மக்கள் நீதிமன்றம் என்கிற லோக் அதாலத் நல்ல காரியம். சமரசமானால் அதுவே தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் பீசும் திரும்ப வரும். ஆனால் அது சண்டை முற்றிய பிறகு வருவது. 2017-லிருந்து டெலி-லா என்று, பொதுச் சேவை மையத்திலிருந்து போனிலோ வீடியோவிலோ வக்கீலிடம் பேசலாம். 15100 என்று ஒரு எண்ணும் இருக்கிறது, தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள், சட்ட உதவிக்கு. ஒரு முறை பக்கத்து வீட்டுப் பாட்டிக்காக நான் கூடப் போனேன். அந்தப் பக்கம் பேசிய வக்கீல் பொறுமையாகத்தான் பேசினார். பாட்டி பத்திரத்தை மொபைலுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தெரியுதா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெரியவில்லை.

என் யோசனை சின்னது. எங்கள் ஊருக்கு முழுநேர வக்கீல் தேவையில்லை. சம்பளம் கொடுத்து உட்கார வைத்தாலும் பாதி நாள் ஈ ஓட்டுவார். ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள ஒரு வக்கீல். பதிவு நடக்கும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். விட்டுக்கொடுக்கிற பத்திரம், தானப் பத்திரம், பவர் பத்திரம் இந்த மூன்றுக்கும் கையெழுத்துப் போடுகிறவரைத் தனியாக அழைத்து, கூட வந்தவர்களை வெளியே நிற்கச் சொல்லி, தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். பத்து நிமிஷம். புரோக்கர்களுக்குப் பிடிக்காது. பத்திரம் எழுதுகிறவர்களுக்கும் பிடிக்காது. ஆபீசில் கூட்டம் சேரும், தாமதமாகும் என்று மேலதிகாரி பைலில் குறிப்பு எழுதுவார். அந்தக் குறிப்பை எப்படி எழுதுவார் என்றுகூட எனக்குத் தெரியும், அந்த மாதிரிக் குறிப்புகள் எத்தனையோ எழுதியவன்.

இப்போது தங்கை பேத்தி. காலாப்பட்டு சட்டக் கல்லூரியில் படித்தாள். புதுச்சேரியின் வடகோடியில் கல்லூரி, தென்கோடியில் வீடு. ஐந்து வருஷம் இரண்டு பஸ் மாறிப் போனாள். அகில இந்திய பார் பரீட்சை எழுதி, இப்போது நகரத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியர். அவர் தருவது ஸ்கூட்டி பெட்ரோலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கிறது. போன வருஷம் பொங்கல் கழிந்து ஒரு நாள் இந்தக் கதையை அவளிடம் முழுசாகச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை காலையில வந்து உட்காரட்டுமா தாத்தா?" என்றாள்.

கோயில் மைக்கில் அறிவிக்கச் சொல்லலாம் என்றேன். முறைத்தாள். வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது, பார் கவுன்சில் விதி. பெயர்ப் பலகைகூட அளவோடுதான் இருக்க வேண்டுமாம். சரி என்று சும்மா உட்கார்ந்தோம். முதல் ஐந்து ஞாயிறு ஒரு ஆள் வரவில்லை. கேஸ் போடுகிற பெண் வந்திருக்கிறாள் என்று ஊரில் பேச்சு. ஆறாவது வாரம் ஒருவர் கொல்லைப்புற வழியாக வந்தார், என்னைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு.

ஆரம்பத்தில் வந்தவை எல்லாம் கையெழுத்துப் போட்டு முடிந்த காகிதங்கள். அவள் படிப்பாள், எனக்குத் தெரியும் அந்த முகம், ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் பார்க்கிற டாக்டர் முகம். பிறகு ஒரு பையன் வந்தான், கூட்டாளியின் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று. "கடன் வாங்கினவரை விட்டுட்டு நேரா உங்ககிட்ட வரலாம் அண்ணா, சட்டம் அப்படித்தான். அவர் கட்டலைன்னா நீங்க கட்டுவீங்களா? கட்டுவேன்னா போடுங்க" என்றாள். அவன் போடவில்லை. நான் பார்த்து, கையெழுத்துக்கு முன் வந்த முதல் காகிதம் அது. அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

அவள் எத்தனை நாள் வருவாள் என்று தெரியாது. கல்யாணப் பேச்சு நடக்கிறது. சொந்தமாக கேஸ் வர ஆரம்பித்தால் ஞாயிறுதான் அவளுக்கும் படிக்கிற நாள். அவளிடம் இலவசமாக வாங்கிக்கொண்டே இருக்க எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஊரில் நாலு பேர் சேர்ந்து மாதம் ஏதாவது கொடுக்கலாமா என்று பேசிப் பார்த்தேன். திருவிழாவுக்கு லைட் போட வாரி வழங்குகிறவர்கள், பார்க்கலாம் ஐயா என்றார்கள்.

அக்கா 2011-ல் காலமானார், மகள் வீட்டில். பெரியவனும் போய்விட்டான். செங்கல் பாக்கியை எப்போதோ கொடுத்துத் தீர்த்தாயிற்று.

இந்த ஞாயிறு பேத்தி வரவில்லை. திங்கட்கிழமை ஏதோ முக்கியமான ஹியரிங் என்று சீனியர் ஆபீசுக்கு அழைத்துவிட்டார். அது தெரியாமல் ஒரு பெண் வந்திருந்தாள், முப்பத்தைந்து வயதிருக்கும், கையில் பிளாஸ்டிக் கவர். வெள்ளிக்கிழமை பதிவாம், அண்ணன்மார் டோக்கன் போட்டுவிட்டார்களாம். உட்காரச் சொல்லிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். நாலு பக்கம். எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"இதுல கையெழுத்துப் போட்டா உன் பங்கு போயிடும்மா" என்றேன். "போடணுமா வேணாமான்னு நீயே முடிவு பண்ணு. ஆனா புதன்கிழமை சாயந்தரம் பேத்தி வருவா, அவகிட்ட கேட்டுட்டுப் போடு."

அண்ணன் கோவிச்சுக்குவாரே என்றாள். கோவிச்சுக்குவார் என்றேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கவரை என்னிடமே வைத்துவிட்டுப் போனாள். மேஜை இழுப்பறையில் இருக்கிறது.